மாரெனின் நாளில் ஹல்வார் பேசியது

போதையிலிருந்து மீள லீயா பண்ணையில் சேருகிறவர்களிடம் கைபேசியை வாங்கிக்கொள்வார்கள். சாராயம் கலந்திருக்கும் என்று வாசனைத் தைலத்தை வாங்கிக்கொள்வார்கள். கார் இருந்தால் சாவியை. ஹல்வாரிடம் கூடுதலாக ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். அவருடைய கதைகளை.

அவர் நார்வேயில் வோஸ் ஊர்க்காரர். குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. வேலை முடிந்த பிறகும் வீட்டுக்காரர்கள் காப்பி ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்துக்கொள்வார்களாம், இன்னொரு கதை கேட்க. மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி போனது. முட்டிக்கு மாத்திரை. மாத்திரையோடு வேலை மந்தமானபோது சுறுசுறுப்புக்கு ஒரு தூள், அந்தத் தூளை இறக்கித் தூங்க வேறொன்று, கடைசியில் ஊசி. இதையும் அவர் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வார். "நான் ஒட்டின டைல்ஸ் ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் பேந்ததில்லடா. ஒட்டினவன்தான் பேந்துட்டான்."

மனைவி ஓஷில் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு பெர்கனில் பாலங்களுக்கு அடியில் சில வருஷம், சிறையில் கொஞ்ச காலம், இரண்டு மருத்துவமனைகள். லீயாவுக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு. எங்களில் மூத்தவர் அவர்தான் என்பதால் பெருசு என்று பேர் விழுந்தது.

லீயாவில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். இரண்டு வருஷம் இருக்க வேண்டும். ஆடு மேய்ப்பது, விறகு பிளப்பது, உருளைக்கிழங்கு தோண்டுவது எல்லாம் யாருக்கும் பழகிவிடும். புதன்கிழமைதான் பழகாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். ஒருவர் எழுந்து தான் செய்ததைச் சொல்வார். கையில் காகிதம் கூடாது. சிரிக்க வைக்கக் கூடாது. சிரிக்க வைத்தால் யாராவது கையைத் தூக்குவார்கள். ஒளிந்துகொள்கிறாய் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு, சிரிப்பை எடுத்துவிட்டு, அதையே மறுபடி சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லாரும் எழுந்து போய் அவர் தோள்மேல் கை வைப்போம்.

முதல் மாதங்களில் ஹல்வார் வாயைத் திறந்தால் கைகள் நாணல்போல எழும்பின. ஒருநாள் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வேற மாதிரி பேசவே தெரியாதேப்பா" என்றார். மெதுவாகத் தெரிந்துகொண்டார். அவர் வாக்கியங்கள் குட்டையாகின. ரூனாருக்கு அதில் பெருமை. ரூனார்தான் பண்ணையின் பொறுப்பாளர். அவரும் ஒரு காலத்தில் இப்படியொரு வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்.

இரண்டாம் வருஷத்து வசந்தத்தில், ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி நேரத்தில், மாரென் கூப்பிட்டாள். அவருடைய மகள். மே மாதத்தில் அவளுக்குத் திடப்படுத்தல், ஞானஸ்நானத்தைத் தன் வாயாலேயே உறுதிப்படுத்துகிற சடங்கு. தேவாலயம், பிறகு சொந்தக்காரர்கள், கேக், பேச்சுகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பதினைந்து வயதில் வருகிற அந்த ஒரு நாள்.

நான் பக்கத்தில் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார், சுடுகிற மாதிரி.

"அப்பா, நீ வரணும். வந்தா மட்டும் போதாது, பேசணும். அப்பாதான் பேசுவாங்க."

"நானா கண்ணு?"

"பின்ன யாரு, விடார் மாமாவா? அவரு பேசினா எல்லாரும் தூங்கிருவாங்க. நீ அந்த சாக்ஸ் கதையச் சொல்லுப்பா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேக்கணும்னு காத்துட்டிருக்காங்க."

இன்னொன்றும் சொன்னாள். கோடை விடுமுறையில் ஒரு வாரம் லீயாவுக்கு வந்து அவரோடு தங்குகிறேன், அம்மா சரி சொல்லிவிட்டாள் என்றாள். ஒன்பது வருஷத்தில் அப்பாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் தூங்கியதில்லை. அடுத்த நாளே அவர் ரூனாரிடம் வெள்ளைப் பெயின்ட் கேட்டு வாங்கி, விருந்தினர் அறைச் சுவருக்கு அடிக்க ஆரம்பித்தார். ஆடுகள் குட்டி போடுகிற நேரம். தொழுவத்திலிருந்து ரத்தமும் வைக்கோலுமாக வருவார், கை கழுவிவிட்டு நேராக பிரஷ்ஷை எடுப்பார்.

அடுத்த புதன்கிழமை வட்டத்தில் எழுந்து, "விருந்துப் பேச்சை இங்க ஒருதடவ சொல்லிப் பாத்துக்கறேன்" என்றார். கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டினார், நிஜ விருந்தில் தட்டுகிற மாதிரியே.

சாக்ஸ் கதை இதுதான். மாரெனுக்கு ஆறு வயது. கடும் பனி. விளையாடிக்கொண்டிருந்தவள் ஒரு நாயின் பின்னாலேயே போய்த் தொலைந்துவிட்டாள். அப்பா தேடி அலைந்து, ஒரு கையுறை இல்லாமல் விறைத்துக் கிடந்தவளைக் கண்டுபிடித்து, காலில் ஷூகூட இல்லாமல் வெறும் சாக்ஸோடு பனியில் மருத்துவமனை வரை தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே நர்ஸ் குழந்தையை விட்டுவிட்டு முதலில் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். மாரெனின் வலது கையில் இரண்டு விரல்நுனிகள் இன்றைக்கும் குளிரில் சுண்ணாம்பாக வெளுக்கும். அந்த விரல்களைக் காட்டித்தான் அவள் பள்ளியில் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்வாளாம்.

அந்த நர்ஸின் குரலில் ஹல்வார் பேசியபோது நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ரூனாரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் யூவார் கையைத் தூக்கினான். ஸ்தவாங்கரில் கார் திருடிக்கொண்டிருந்தவன். எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண்.

"பெருசு, ஒண்ணு கேக்கட்டா? அந்த நாய் என்ன கலரு?"

"என்னது?"

"நீ எந்தக் கதை சொன்னாலும் பூனைக்குப் பேர் சொல்லுவ, பூனையோட மாமியாருக்கும் பேர் சொல்லுவ. இந்த நாய்க்கு மட்டும் ஒண்ணுமே இல்லியே."

ஹல்வார் டம்ளரைக் கீழே வைத்தார். கரண்டியை அதன் பக்கத்தில் நேராக வைத்தார்.

"நாயே இல்லடா" என்றார்.

பிறகு சொன்னார். பெர்கனில் ஒரு தெருவில் காரை நிறுத்தி, மாரெனைப் பின்சீட்டில் விட்டு, ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று மேலே ஒருவன் வீட்டுக்குப் போனது. "வாசல்ல ஷூவைக் கழட்டி வச்சேன். போதை வாங்கப் போற வீட்லகூட ஷூவைக் கழட்டிட்டுத்தானே நாம போவோம்." யாரும் சிரிக்கவில்லை; கையும் எழவில்லை. வாங்கியதை அங்கேயே ஏற்றிக்கொண்டது. தூங்கிப்போனது. விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது. இறங்கி வந்து பார்த்தால் கார்க் கண்ணாடியில் பனி பிடித்து, உள்ளே ஒரு சின்னக் கை ஒட்டியிருந்தது. "ஷூவைத் தேட நேரமில்ல. ஓடினேன். ஓடினது மட்டும்தான் நிஜம்."

ஓஷிலிடம் அன்றே சொல்லிவிட்டார். குழந்தை காய்ச்சலில் கிடந்தாள். எழுந்ததும் என்ன நடந்தது என்று கேட்டாள். நாயை உண்டாக்கியது ஓஷில்.

நாங்கள் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தோம். அந்தப் பண்ணையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு புதன்கிழமையை நான் பார்த்ததில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாகிவிட்ட மாதிரி இருந்தது.

ரூனார் சொன்னார்: "இதுதான் உன் பேச்சு."

"அங்கயா?"

"வேற எங்க? எங்ககிட்ட சொல்றது லேசு, ஹல்வார். நாங்க எல்லாம் அதையே பண்ணவங்கதானே. பொய்யை வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு அவளுக்கு அப்பனா இருப்ப?"

"ஓஷில்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அனுமதி கேக்கறது தப்பிக்கப் பாக்கறது. அது உனக்கே தெரியும்."

தெரியும். அதையே ஹல்வார் வேறு இரண்டு பேருக்குச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்த அறைக்குள் அது சரியாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் எதிர்ப்பேச்சு தோன்றவில்லை.

பண்ணையிலிருந்து யார் வெளியே போனாலும் இன்னொருவன் கூடப் போக வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இருக்க வேண்டும். அவரோடு என்னை அனுப்பினார்கள். "எய்லிவ் போகட்டும்," என்றான் யூவார். "வாயில்லாப் பூச்சி. வழியெல்லாம் பெருசு பேசிட்டே போகலாம்."

வழியில் ஹல்வார் பேசவேயில்லை. படகில், ரூனாரிடம் இரவல் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டு தோளில் தொங்க, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உதடு மட்டும் அசைய நின்றார். பஸ்ஸில் ஒருமுறை என் பக்கம் திரும்பி, "அவ அழுதா என்னடா பண்றது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், "அழட்டும். அழுதா நல்லது" என்று வட்டத்தில் சொல்கிறதைத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

விருந்து ஊர்க் கூடத்தில். மாரென் பூவேலை செய்த பாவாடையும் சட்டையில் வெள்ளிப் பதக்கமுமாக வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஓஷில் என்னிடமும் அன்பாகப் பேசினாள். எல்லா மேசையிலும் ஆப்பிள் சாறுதான். ஹல்வாருக்காக மது இல்லை. அவளுடைய அண்ணன் விடார் அதைக் குடித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம், "இன்னும் ரெண்டு டம்ளர் குடிச்சா நானே ஆப்பிள் மரமாயிருவேன்" என்று முணுமுணுத்தார். நல்ல மனுஷன். யார் எப்போது பேசுவது என்று அறிவிக்கிற பொறுப்பு அவருக்கு.

ஆட்டுக்கறி வந்தது. ஓஷில் பேசினாள். அத்தைமார்கள் தெரிந்த மெட்டுக்கு மாரெனைக் கிண்டல் செய்து எழுதிய பாட்டை எல்லாரும் காகிதத்தைப் பார்த்துப் பாடினோம். வளையம் வளையமாக அடுக்கிய பாதாம் கேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். விடார் டம்ளரைத் தட்டி, "இப்போ பொண்ணோட அப்பா" என்றார்.

மாரென் தன் சிநேகிதிகளைப் பார்த்து, வலது கையின் அந்த இரண்டு விரல்களையும் தூக்கி ஆட்டினாள். சாக்ஸ் கதை வருகிறது என்று.

ஹல்வார் நன்றாகத்தான் ஆரம்பித்தார். அவள் பிறந்த அன்று அவர் டைல்ஸ் பசை ஒட்டிய கையோடு பிரசவ அறைக்குள் ஓடியது. சிரிப்பு. ஓஷிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரைத் தொந்தரவு செய்தது என்று எனக்குத் தெரிந்தது. எங்கேயோ ஒரு கை எழுந்துவிட்ட மாதிரி அவர் நிறுத்தினார்.

"சாக்ஸ் கதை உங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார். "அதுல நாய் இல்ல."

எங்கள் வட்டத்தில் பேசுகிற குரலில், குட்டை வாக்கியங்களில், ஒன்று விடாமல் சொன்னார். தெரு. மேல்வீடு. ஊசி. கண்ணாடியில் ஒட்டியிருந்த கை. சொல்லும்போது மாரெனைத்தான் பார்த்தார். அது எங்கள் வழக்கம், யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களைப் பார்த்துச் சொல்வது. அவள் விரல்கள் இன்னும் மேசைமேல் நிமிர்ந்தபடியே இருந்தன. மடக்க மறந்திருந்தாள். மூலையில் ஒரு குழந்தை, "எந்த நாயும்மா?" என்று கேட்டது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"இதைச் செஞ்சவன் நான். வேற யாருமில்ல," என்று முடித்தார். அதுவும் எங்கள் வழக்கம்.

நான் எழுந்துவிட்டேன். சொல்லி முடித்தால் எழவேண்டும். கால் தானாக எழுந்துவிட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தது. விடார் என்னைப் பார்த்து, பாவம், ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற தவிப்பில், "தம்பி... நீங்களும் பேசறீங்களா?" என்றார்.

மாரென் கேட்டாள்: "அம்மா, உனக்குத் தெரியுமா?"

ஓஷில் தலையைக் குனிந்தாள். அவள் சட்டையின் வெள்ளிக் குஞ்சங்கள் கிணுகிணுத்தன. மாரென் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

ஹல்வார் பின்னால் போனார். நான் கூடப் போக வேண்டியவன். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மாரென், உண்மையைச் சொல்லணும்னுதான்..."

"யாருக்கு?"

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"நான் கேட்டேனா? உள்ள என் க்ளாஸ் பொண்ணுங்க இருக்காங்க. தாத்தா இருக்காரு. போன்ல சொல்லியிருக்கலாம். கோடைக்கு வர்றப்ப, நாம ரெண்டு பேரும் மட்டும் இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "இன்னைக்கு ஒரு நாள் என் நாள்ப்பா. அதையும் நீயே எடுத்துக்கிட்ட."

"கண்ணு..."

"அது பழுப்பு நாய். ஒரு காது மடங்கியிருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கு. ஞாபகம் இருக்குப்பா!"

மேலே என்ன சொல்வது என்று வட்டத்தில் யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவள் அழவில்லை. அழுதால் என்ன செய்வது என்று மட்டும்தான் அவர் யோசித்து வைத்திருந்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு ஓஷில் வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய கேக். விருந்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதில்லையா, அதை என்னிடம்தான் கொடுத்தாள்.

"உன்னைக் காப்பாத்தறதுக்கா நான் அந்த நாயை ஒன்பது வருஷம் வளத்தேன்?" என்றாள் அவரிடம். கத்தவில்லை. "அவளுக்கு அப்பான்னு ஏதாவது ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்னு வளத்தேன். அவ ராத்திரி பயந்தா அந்தக் கதையத்தான் கேப்பா. எங்கப்பா சாக்ஸோட ஓடினாருல்லன்னு."

"ரூனார் சொன்னாரு..."

"ரூனாருக்குப் பொண்ணு இருக்கா?"

இல்லை.

"கோடைக்கு அவ வரலியாம். நான் தடுக்கல. அவளே சொல்லிட்டா."

லீயாவில் எல்லாரும் காத்திருந்தார்கள். வட்டம் இல்லாத நாளிலும் நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். "சொன்னியா?" என்றார் ரூனார். "சொன்னேன்" என்றார் ஹல்வார். எல்லாரும் எழுந்து தோளில் கை வைத்தார்கள். எடுக்கச் சொல்லவில்லை அவர். கைகள் விலகிய பிறகுதான், யாரையும் பார்க்காமல், "இங்க இருக்கற நாமெல்லாம் கேக்கறதுக்குன்னு வந்து உக்காந்தவங்க," என்றார். "அவ கேக் சாப்பிட வந்த புள்ள."

ரூனார் நாற்காலிகளை எடுத்து ஓரமாக அடுக்கினார். அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளில் அவர், "இதை வெளியில சொல்லு" என்று யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை. யூவார் ஒரு வாரம் ஹல்வாரின் தொழுவ வேலையையும் சேர்த்துத் தானே செய்தான். ஒருநாள் தீவன வாளியோடு நின்று, "நான் அந்த நாயைப் பத்திக் கேட்டிருக்கக் கூடாது பெருசு" என்றான்.

"நீ கேட்டது சரிதான்டா. வாளியைக் கீழ வை, கொட்டுது பாரு."

ஹல்வார் போதைக்குத் திரும்பிவிடுவார் என்று எல்லாரும் பயந்தோம். திரும்பவில்லை. வெள்ளையடித்த அறையில் வேறொரு ஆளைத் தங்க வைத்தார்கள். ஹல்வார் தன் இரண்டு வருஷத்தை முடித்தார். முட்டி வேலைக்கு ஆகாது என்பதால் வோஸில் டைல்ஸ் கடையொன்றில் விற்பனைக்கு நின்றார். மாரெனுக்கு வாரம் ஒரு செய்தி அனுப்பினார். இலையுதிர்காலம் முழுக்கப் பதில் இல்லை. பனி விழ ஆரம்பித்த பிறகு ஒன்று வந்தது: ஹேண்ட்பால் மேட்ச்சுக்கு வரலாம். பேசக் கூடாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வோஸுக்குப் போனேன். விளையாட்டுக் கூடத்தின் நுழைவாயிலில், ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர்கள் முறை வைத்து வாஃபிள் சுட்டு விற்பார்கள். அன்று ஹல்வாரின் முறை. ஓஷில்தான் அவர் பெயரைச் சேர்த்திருந்தாள். மாவை ஊற்றி, இரும்பு அச்சை மூடி, திறந்து, இதயம் இதயமாக வெந்ததை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யார் வந்தாலும் ஓரிரு வார்த்தை பேசினார். "சூடு, பாத்து." "ஜாமா, பழுப்பு சீஸா?" அவ்வளவுதான். முன்னென்றால் அந்த மேசையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றிருக்கும்.

இடைவேளையில் மாரென் இன்னொரு பெண்ணோடு வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டு. ஜாம் வச்சு," என்றாள்.

அவர் தலையாட்டினார். மாவை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். கூடவந்த பெண்ணுக்கு அவரைத் தெரியவில்லை. அவள் சும்மா, நேரம் போவதற்காக, "எத்தனை கோல் போட்டா தெரியுமா அங்கிள் இவ?" என்றாள்.

அவர் ஒரு விரலையும் அசைக்காமல் நின்றார். அவருக்கு எண்ணிக்கை தெரியும் என்று எனக்குத் தெரியும்: நான்கு. நுழைவாயில் கதவுக் கண்ணாடி வழியாக ஒவ்வொன்றையும் பார்த்திருந்தார்.

"யாருடி இது?" என்று அந்தப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எங்கப்பா," என்றாள் மாரென். "பேச மாட்டாரு."

வாஃபிள்களை வாங்கிக்கொண்டு போனாள். அவருக்கு அடுத்ததைச் சுட வேண்டியிருந்தது; வரிசை நீளமாக இருந்தது. மாவை ஊற்றியவர் அச்சை மூடவில்லை. நான் மேசையைச் சுற்றிப் போய் மூடினேன்.